ஏலக் கொட்டகைச் சுவரில் ஏழு விதிகள்

சதுரங்கப்பட்டினத்து மீனவர் குப்பத்தை ஏமாற்றிவிட்டுப் போனவன் ஒரு கண்ணியமான மனிதன். இதை அங்கே இன்றைக்கும் யாரும் மறுப்பதில்லை.

சுனாமிக்கு அடுத்த கோடையில் வந்தான். கடற்கரை மணலில் பாலிஷ் போட்ட ஷூ. கழுத்தில் போட்டோ ஒட்டிய அடையாள அட்டை. கையில் வரிசை எண் அச்சடித்த ரசீதுப் புத்தகம். சுனாமிக் காப்பீடு என்று சொல்லி வீட்டுக்கு நூறு ரூபாய் வாங்கினான். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டியவர்களுக்கு மீதி நானூறை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தான். "வரேம்மா, நன்றிம்மா" என்று வாசல்தோறும் கும்பிட்டான். அறுபத்திரண்டு வீட்டில் வசூலித்துக்கொண்டு போனவன் போனவன்தான். காப்பீட்டுக் கம்பெனியும் இல்லை, ஒன்றும் இல்லை. ரசீது மட்டும் உயர்ந்த காகிதம், இப்போதும் கிழியவில்லை.

செய்தி பேப்பரில் வந்ததும் ஊரிலிருந்த வங்கிக் கிளைக்கு வீரம் வந்துவிட்டது. கிளை மேலாளர் வெங்கடராகவன் செங்கல்பட்டிலிருந்து தினமும் வந்துபோகிறவர். மைக் என்றால் அவருக்கு உயிர். கடற்கரையில் ஷாமியானா போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, விழிப்புணர்வு முகாம் நடத்தினார். ஐம்பது நிமிடம் பேசினார். முதல் நாற்பது நிமிடம் வங்கிகள் தோன்றிய வரலாறு. கடைசிப் பத்து நிமிடத்தில் ஏமாறாமல் இருக்க ஏழு விதிகள் சொல்லி, "இந்த ஏழையும் நெஞ்சில் கல்வெட்டாகப் பொறித்துக்கொள்ளுங்கள்!" என்று முடித்து, தனக்குத் தானே கைதட்டலைத் தொடங்கி வைத்தார்.

குப்பத்துக்காரர்கள் அங்கேதான் ஒரு தப்புச் செய்தார்கள். பேச்சைக் கேட்டார்கள்.

கேட்டதோடு நிற்கவில்லை. அன்று மாலையே ஊர்ப் பஞ்சாயத்தைக் கூட்டி, ஏழு விதிகளையும் ஊர்க்கட்டுப்பாடாக ஆக்கிவிட்டார்கள். மகளிர் குழுச் செயலாளர் யோகேஸ்வரி குறிப்பெடுத்து வைத்திருந்தாள். மீன் ஏலம் விடுகிற கொட்டகையின் சுவரில் நீல பெயிண்டால் எழுதினார்கள். மீறுகிறவருக்கு ஐந்நூற்றொரு ரூபாய் அபராதம், மூன்று நாள் ஏலத்தில் மீன் வைக்கக்கூடாது. ஊர்ப் பஞ்சாயத்து சொன்னால் சொன்னதுதான். வங்கி மாதிரி இல்லை.

இரண்டு வருஷம் கழித்து அந்தச் சுவர் யோகேஸ்வரியின் அம்மா ஆதியம்மாளின் தலையில் விடிந்தது.

ஆதியம்மாள் மீன் விற்கிறவள். புருஷன் பூவராகவனின் படகுக்குப் புது எஞ்சின் வாங்க வேண்டும் என்று நிவாரணப் பணத்தையும் கூடை மீன் பணத்தையும் சேர்த்து வங்கியில் போட்டு வைத்திருந்தாள். மொத்தம் அறுபத்திரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது. மாமல்லபுரத்து எஞ்சின் கடையில் ஐயாயிரம் முன்பணம் கட்டியாயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் மீதி அறுபத்திரண்டாயிரத்தைக் கட்ட வேண்டும். தவறினால் எஞ்சின் வேறொருவருக்கு, ஐயாயிரமும் போச்சு. பழைய எஞ்சின் ஏற்கெனவே காயலான் கடைக்குப் போய்விட்டது. படகு கரையில் கிடந்தது, பூவராகவன் படகுக்குப் பக்கத்தில் கிடந்தார்.

திங்கட்கிழமை பணம் எடுக்கப் போனாள். கவுண்ட்டரில் காசாளர் ஆபிரகாம் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒன் அக்கவுண்ட்டு லாக் ஆயிருக்கு ஆதியம்மா. நீ யாருன்னு பேங்குக்கு இன்னும் தெரியலியாம்."

"நான் யாருன்னு தெரியலியா? போன ஞாயித்துக்கெழம ரெண்டு கிலோ வஞ்சிரம் வாங்கிக்கினு போனியே சார், அது யாருகிட்ட?"

"அது எனக்குத் தெரியும். பேங்குக்குத் தெரியாது."

"அதோட சேத்து நானூத்தம்பது ரூவா பாக்கி கீதே, அதாவது பேங்குக்குத் தெரியுமா?"

ஆபிரகாம் சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவா பேசும்மா. உனக்கு லெட்டர் வந்திருக்குமே?"

வந்திருந்தது. ஜெராக்ஸ் எடுத்ததைப் பார்த்து மறுபடி ஜெராக்ஸ் எடுத்த மாதிரி சாய்வாக ஒரு காகிதம். முழுக்க இங்கிலீஷ். ஆதியம்மாளை 'அன்புள்ள ஐயா' என்று அழைத்து, ஏழு நாளுக்குள் ஆவணங்களைச் சரிபார்க்காவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்று தடித்த எழுத்தில் மிரட்டியது. கடிதத்தில் போட்ட தேதிக்கும் அது கைக்கு வந்த தேதிக்கும் நடுவே பதினாறு நாள். அடியில், இது கணினியில் தயாரானது, கையெழுத்துத் தேவையில்லை என்று ஒரு வரி.

பிளஸ் டூ படித்த யோகேஸ்வரி அதைப் படித்தவுடனே கிழிக்கப் போனாள். "எம்மா, இது டுபாக்கூரு லெட்டரு. கையெழுத்து இல்ல, சீலு இல்ல, 'ஒடனே ஒடனே'ன்னு மெரட்டுறான். அவசரப்படுத்துறவன் ஏமாத்துறவன்னு மேனேஜரே சொன்னாரு. அஞ்சாவது ரூலு." ஆதியம்மாள்தான் எதற்கும் இருக்கட்டும் என்று கருவாட்டு டப்பாவுக்குள் வைத்திருந்தாள். அந்தக் கதையை இப்போது கவுண்ட்டரில் சொன்னாள்.

"அது நெஜ லெட்டருதாம்மா," என்றார் ஆபிரகாம். "வட்டார ஆபீசுல இந்த வேலைய ஒரு ஏஜென்சிக்கு வுட்டுட்டாங்க. அவங்க ஆளு வூட்டுக்கு வருவான். நீ வூட்லயே இரு."

"எப்ப வருவான்?"

"வரப்போ வருவான்."

"நான் வூட்ல இருந்தா மீனு யாரு விக்கிறது?"

அந்தக் கேள்விக்குக் கம்ப்யூட்டரில் இடம் இல்லை. ஆபிரகாம் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

செவ்வாய் வரவில்லை. புதன் வரவில்லை. ஆதியம்மாள் கூடையைக் கவிழ்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு மோட்டார் பைக் மணலில் சிக்கி, உறுமி, விழுந்தது. அதிலிருந்து ஒரு இளைஞன் எழுந்து வந்தான். பெயர் கிரிஷ், ஊர் ஊரப்பாக்கம். ரப்பர் செருப்பு, கசங்கின சட்டை, பனியன் கம்பெனி விளம்பரம் போட்ட பை.

"பேங்குலருந்து வரேன். ஆதியம்மாள் யாரு?"

"ஐடி கார்டு எங்க?" என்றாள் யோகேஸ்வரி.

"பிரின்ட்டுக்குப் போயிருக்குக்கா. நாலு மாசமா போயிகினுதான் கீது."

"சரி, இன்னா வேணும்?"

கிரிஷ் ஒரு படிவத்தை நீட்டினான். அதில் ஒரு எழுத்துகூட நிரப்பியிருக்கவில்லை. "இங்க கைநாட்டு வைக்கணும். நான் அப்பாலிக்கா ஃபில்லப் பண்ணிக்குவேன். பாஸ்புக் ஒரிஜினல் குடுங்க, ஆபீசுல காட்டிட்டுத் தரேன். ஏ.டி.எம் கார்டு ரகசிய நம்பரு சொல்லுங்க, பதினாலாவது கட்டத்துல கேக்குறாங்க. சர்வீஸ் சார்ஜ் நூத்தம்பது."

"ரசீது?"

"ரசீதெல்லாம் இல்லக்கா. சீக்கிரம், இன்னும் எண்பத்திரெண்டு வூடு கீது."

யோகேஸ்வரி அவனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஏலக் கொட்டகைக்குக் கூட்டிப்போய் சுவருக்கு எதிரே நிறுத்தினாள். அடையாள அட்டை இல்லாதவரிடம் பேசாதே. வெற்றுக் காகிதத்தில் கைநாட்டு வைக்காதே. பாஸ்புக்கைக் கைமாற்றாதே. ரகசிய எண்ணைச் சொல்லாதே. அவசரப்படுத்துகிறவனை நம்பாதே. ரசீது இல்லாமல் காசு கொடுக்காதே. சந்தேகம் வந்தால் கிளைக்குப் போன் செய்.

"ஒண்ணு வுடாம ஆறும் பண்ணிட்டான்," என்றாள், வலைக்குப் போனவர்கள் திரும்பி வந்து கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்து. "நம்ம ஊர்ல இதுவரிக்கும் வந்த திருடன்கூட இப்படி முழுசா செஞ்சதில்ல."

ஆதியம்மாள் மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இவன் திருடனாக இருந்தால் பணம் போகும். திருடனாக இல்லாவிட்டால் எஞ்சின் போகும். மணி பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு இருபத்தொன்பது மணி நேரம் பாக்கி.

பூவராகவன் காதைக் கடித்தார். "நாட்டு வச்சிட்டு போ புள்ள. அஞ்நூத்தி ஒண்ணு அபராதம்தான, கட்டித் தொலைச்சிடலாம்."

"மூணு நாளு ஏலம் கெடையாதே? எஞ்சின் வாங்கி இன்னா பண்ணுவ, கரையில ஓட்டுவியா?"

"எஞ்சினே வரலன்னா மூணு நாளு இன்னா, மூணு மாசம் இதே கரைதான்டி."

"அதுக்குன்னு வெறும் பேப்பர்ல நாட்டு வச்சிக் குடுத்தா படகையும் சேத்து எழுதிக்குவான்."

பூவராகவன் மறுபடி படகுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மீதியிருந்தது ஏழாவது விதி. டீக்கடை வாசலில் இருந்த ஒரு ரூபாய்ப் பெட்டிப் போனில், பாஸ்புக்கின் முதல் பக்கத்திலிருந்த கிளை எண்ணை யோகேஸ்வரி சுழற்றினாள். அச்சரப்பாக்கத்தில் ஒரு கோழித்தீவனக் கடை எடுத்தது. "பேங்கா? அது ரெண்டு வருஷமா எங்க நம்பரும்மா. தெனம் நாலு பேரு பேலன்ஸ் கேக்குறாங்க. நானும் ஏதோ சொல்லிகினு கீறேன்," என்றார் கடைக்காரர். அடுத்து, கடிதத்தில் இருந்த எண். அது ஒரு பெண் குரலில் இந்தியில் வரவேற்று, இங்கிலீஷில் நன்றி சொல்லி, பதினாறு இலக்க அட்டை எண்ணை அழுத்தச் சொன்னது.

"இதுவும் திருடங்கதான்," என்று பெட்டியில் காசு போட்டவர் யாரோ சொன்னார்.

கடைசியில் ஆதியம்மாளே தன் சுருக்குப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தாள். நல்ல வஞ்சிரம் வந்தால் சொல்லு என்று ஆபிரகாம் எழுதிக் கொடுத்த செல்போன் எண். அதுதான் வேலை செய்தது.

"ஐடி கார்டு கீதா?" என்றார் ஆபிரகாம்.

"இல்ல சார்."

"ரசீது?"

"இல்ல சார். ரகசிய நம்பரு கேக்குறான்."

"ரகசிய நம்பரா? எங்க பேங்க் ஆளு செத்தாலும் அத கேக்க மாட்டான்! அவன் திருடனேதான். வுடாதீங்க, மேனேஜர் நேர்லயே வராரு."

கிரிஷ் ஏலப் பலகை மேல் உட்காரவைக்கப்பட்டான். யாரும் அடிக்கவில்லை. ஊர்த் தலைவர் அவனுக்குச் சோறும் சுறாப் புட்டும் வரவழைத்தார். தீர்ப்பு வரைக்கும் பட்டினி போடுவது ஊர் வழக்கம் இல்லை. அவன் இரண்டாம் முறை சோறு கேட்டான். சாப்பிட்டுக்கொண்டே சுவரைப் படித்தான். முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று.

"அக்கா," என்றான் ஆதியம்மாளிடம், "இந்த வேலைக்குச் சேர்றதுக்கே ஏஜென்சியில மூவாயிரம் டெபாசிட் கட்டினேன். ரசீது குடுக்கல. சர்ட்டிபிகேட் ஒரிஜினல வாங்கி வச்சிக்கினாங்க. வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க. மூணு மாசமா சம்பளம் இல்ல. ஒரு ஃபார்முக்கு நாப்பது ரூவா, அதுவும் பாக்கி. நான் நெஜமாவே பேங்க் ஆளுதானா?"

"அதத்தான்டா நாங்களும் கேட்டுகினு கீறோம்," என்றாள் ஆதியம்மாள். அவன் இலையில் இன்னொரு கரண்டி புட்டு விழுந்தது.

மூன்று மணிக்கு வெங்கடராகவன் ஆட்டோவில் வந்து இறங்கினார். தனியாக வரவில்லை. மாலைப் பத்திரிகையின் பகுதி நேர நிருபர் ஒருவர், கேமரா, இரண்டு பொன்னாடை. கிளை ஆண்டுவிழாவில் அவருக்கே போர்த்திய பொன்னாடைகள். மடிப்பில் போன வருஷத்துச் சந்தனம் இருந்தது. அவருக்கு விசாரணை தேவைப்படவில்லை. மைக் இல்லாததுதான் குறை.

"அன்று நான் விதைத்தேன், இன்று சதுரங்கப்பட்டினம் அறுவடை செய்திருக்கிறது!" என்றார். ஆதியம்மாளுக்கும் யோகேஸ்வரிக்கும் பொன்னாடை போர்த்தினார். கிரிஷை நடுவில் நிறுத்தி, அவன் தோளில் கை வைத்து, வேட்டையாடிய புலியோடு நிற்கிற ஜமீன்தார் மாதிரி போட்டோவுக்கு நின்றார். "எழுதிக்கோங்கோ சார். இந்த ஆதியம்மாளை எனக்கு இந்தக் கிளைக்கு வந்த நாளிலிருந்து தெரியும். நாலு வருஷம்! நேர்மைக்கே இலக்கணம்." நிருபர் எழுதிக்கொண்டார்.

"இப்போ இவன் பையைத் திறங்கோ," என்றார்.

பையில் வெற்றுப் படிவங்கள், கைநாட்டு வைக்கிற மைப்பெட்டி, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். அதற்கடியில் தைத்த காகிதக் கற்றை. மேலாளர் அதைப் புரட்டினார். குரல் உச்சத்துக்குப் போயிற்று.

"பார்த்தேளா அநியாயத்தை! நம்ம வாடிக்கையாளர் எண்பத்து மூணு பேரோட கணக்கு எண், பிறந்த தேதி, இருப்புத் தொகை, அம்மா பேர் உட்பட! இதையெல்லாம் இவன் கையில தூக்கிக் கொடுத்த துரோகி யாரு?"

"கடைசிப் பக்கத்துல கையெழுத்து கீது சார்," என்றான் கிரிஷ்.

வெங்கடராகவன் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பச்சை மை. வால் நீண்ட கையெழுத்து. கீழே வட்ட முத்திரை. முத்திரைக்குள் அவருடைய கிளை.

நிருபர் கழுத்தை நீட்டி அதைப் படித்தார்.

"ஆபிரகாம் தினம் நூறு காகிதம் நீட்டறார்," என்றார் மேலாளர், குரலை எங்கேயோ தொலைத்துவிட்டு. "எதையெல்லாம் படிக்கறது?"

"நீங்கதான சார் பேச்சு நடுவுல சொன்னீங்க, படிக்காம கையெழுத்து போடக்கூடாதுன்னு?" என்றாள் யோகேஸ்வரி. "அத எட்டாவது ரூலா சேக்கச் சொல்லிக் கேட்டேன், டைம் ஆயிடுச்சின்னு வுட்டுட்டீங்க."

ஊர்த் தலைவர் தொண்டையைச் செருமினார். "பையன் நெஜ பேங்க் ஆளுதான்னு தெரிஞ்சி போச்சி. அப்ப ஆறு ரூலையும் மீறினது பேங்கு. அபராதம் அஞ்நூத்தி ஒண்ணு. அனுப்பினவங்கதான் கட்டணும்."

"இதுக்கெல்லாம் வட்டார ஆபீஸ் அனுமதி வேணும்," என்றார் மேலாளர். பிறகு நிருபரைப் பார்த்து, "அந்தப் போட்டோவை அழிச்சுடுங்கோ."

"ஃபிலிம் சார். கழுவினாதான் தெரியும்."

அவர்கள் மானத்தை அளந்துகொண்டிருந்த நேரத்தில் ஆதியம்மாள் கிரிஷிடம் கேட்டாள். "எப்பா, நீ நெஜ ஆளுன்னா ஒழுங்கா ஃபில்லப் பண்ணி எடுத்துக்கினு போ. நாளைக்குப் பணம் வருமா?"

"பதினைஞ்சு நாளு ஆவும்க்கா."

அவள் முகத்தைப் பார்த்தானோ, வயிற்றில் இருந்த சுறாப் புட்டை நினைத்தானோ, படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினான். எறும்பு வரிசை மாதிரி சின்ன எழுத்து. "இத யாரும் படிக்கிறதில்ல. நான் நாலு மாசமா பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்து படிச்சிருக்கேன். கிளை மேனேஜரே, இவங்கள மூணு வருஷத்துக்கு மேல எனக்குத் தெரியும்னு எழுதிக் கையெழுத்து போட்டா ஏஜென்சி தேவயில்ல. அன்னிக்கே லாக் எடுத்துடலாம். எனக்கு நாப்பது ரூவா போவும், போவட்டும்."

ஆதியம்மாள் படிவத்தை எடுத்துக்கொண்டு மேலாளர் முன்னால் நின்றாள். பொன்னாடை இன்னும் தோளில் இருந்தது.

"சார், ஒரு கையெழுத்து."

அவர் படித்தார். இந்த முறை படித்தார். "இதுக்கு ஒரு நடைமுறை இருக்கும்மா. உன்னை எனக்கு அப்படியொண்ணும் நேரடியா…"

"கால் மணி நேரத்துக்கு முன்ன நாலு வருஷமா தெரியும்னீங்க. இந்தத் துணிய யாருக்கு போத்தினீங்க? தெரியாதவளுக்கா?"

"அது பேச்சு. இது ஆவணம்."

"அந்தப் பேச்சக் கேட்டுத்தான் சார் ஒங்க லெட்டர நம்பாம, இப்ப மூணு நாளா மீனு விக்காம ஒக்காந்துகினு கீறேன்."

நிருபர் பேனா மூடியைத் திறந்தார். "நான் எழுதினதுலயும் நாலு வருஷம்னுதான் சார் இருக்கு. அடிச்சிடட்டுமா? ஏன் அடிச்சேன்னும் எழுதணும்."

வெங்கடராகவன் பச்சை மைப் பேனாவை எடுத்தார். வால் இல்லாத கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கணக்குத் திறந்தது. ஆபிரகாம் பாஸ்புக்கை இயந்திரத்தில் செருகினார். அது கரகரவென்று அச்சடித்துக்கொண்டே போயிற்று. கடிதம் அனுப்பிய செலவு அறுபது. சரிபார்ப்புக் கட்டணம் இருநூற்று எழுபத்தைந்து. சரிபார்ப்பு தடைப்பட்டதற்குக் கட்டணம் இருநூற்று எழுபத்தைந்து. முடக்கக் காலத்தில் கணக்கை இயக்காமல் இருந்ததற்கு நூற்றைம்பது.

"நீங்க பூட்டிட்டு, ஏன் தொறக்கலன்னு நூத்தம்பதா?" என்றாள் ஆதியம்மாள்.

"கம்ப்யூட்டர் புடிக்குதும்மா. என் கையில ஒண்ணும் இல்ல. இப்ப இருக்கறது அறுபத்தோராயிரத்து அஞ்நூத்தி எண்பது."

எஞ்சினுக்கு நானூற்று இருபது குறைந்தது. யோகேஸ்வரி விரல் விட்டு ஒரு முறையும் பாஸ்புக்கைப் பார்த்து ஒரு முறையும் கூட்டினாள். நூறு ரூபாய் எடுத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனானே, அந்த ஷூக்காரன் ஞாபகம் அவளுக்கு ஏனோ மரியாதையோடு வந்தது.

ஆதியம்மாள் நகரவில்லை. கவுண்ட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் இருபது டோக்கன். குரலை மீன் கடைக்கு ஏற்றினாள்.

"சரி சார். பேங்குக்குத்தான் என்னிய தெரியாது, ஒனக்குத் தெரியுமே? வஞ்சிரம் ரெண்டு கிலோ, போன மாசம் எறா ஒரு கிலோ. பாக்கி நானூத்தம்பது. எடு."

"சாயந்தரம் வரேன்…"

"சாயந்தரம் எஞ்சின் இருக்காது. எனக்கு லாக் போடத் தெரியாது சார், கத்தத்தான் தெரியும்."

ஆபிரகாம் தன் சொந்தப் பர்சைத் திறந்தார். நான்கு நூறு, ஒரு ஐம்பது. ஆதியம்மாள் இரண்டு முறை எண்ணினாள். முப்பது ரூபாய் அதிகம் இருந்தது. மாமல்லபுரத்துக்கு மூன்று பேர் பஸ் போக அது சரியாக வந்தது. நாலே முக்காலுக்கு எஞ்சின் பூவராகவன் தோளில் ஏறியது.

அபராதம் மட்டும் வரவில்லை. வட்டார அலுவலகத்துக்கு எழுதியிருப்பதாக மேலாளர் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மாதம் பார்த்துவிட்டு யோகேஸ்வரி ஊர்ப் பஞ்சாயத்து சார்பில் வங்கிக்கு ஒரு கடிதம் தயாரித்து, டைப்பிங் சென்டரில் அடித்து, கொஞ்சம் சாய்வாக ஜெராக்ஸ் எடுத்தாள். 'அன்புள்ள அம்மா' என்று வெங்கடராகவனை அழைத்து, அபராதம் ஐந்நூற்றொன்று, கடிதச் செலவு அறுபது, தாமதக் கட்டணம் இருநூற்று எழுபத்தைந்து என்று தடித்த எழுத்தில் கணக்குக் காட்டி, ஏழு நாள் கெடு கொடுத்தது அந்தக் கடிதம். தேதியைப் பதினாறு நாள் முன்னதாகப் போட்டிருந்தாள். அடியில், கையெழுத்துத் தேவையில்லை.

மேலாளர் அதை ஆபிரகாமிடம் நீட்டி, "இது ஏதோ மோசடிக் கும்பல். உடனே போலீசுக்குச் சொல்லுங்கோ," என்றார்.